தம் வீட்டுக்கு எதிரே

கடந்த தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். சிறுவனாய் இருந்தபோது பீடத்தில் எனக்கு உதவியவர். இப்போது அங்கே பொறியாளர். நலம் விசாரித்தபின் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சாமி, எங்க ஆபீசுல இருந்து பதினஞ்சு பேர் கம்போடியா போறோமுங்க. ஒரு கிராமத்துல ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் குடுக்கற வேலை. பத்து நாள். செலவு அவங்கவங்களது. ஆனா ஒரு சந்தேகமுங்க..."

ஆளுக்கு ஏறத்தாழ 70,000 ரூபாய் ஆகிறது. அவருடைய நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பதினைந்து பேருக்குப் பத்தரை இலட்சம். தமிழக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024-ஆம் ஆண்டில் தொடங்கியபோது, 360 சதுர அடி வீடு ஒன்றுக்கு ஒதுக்கிய தொகை மூன்றரை இலட்சம். ஆக, விமானத்துக்கும் விடுதிக்கும் போகிற இந்தப் பணத்தில் நம் ஊர்க் கணக்குப்படி மூன்று வீடுகள் எழும். செங்கல் தூக்கிப் பழகாத பதினைந்து பேர் கடல் கடந்து போய் மண் சுமப்பதால் யாருக்கு என்ன பயன்? பணத்தை அனுப்பிவிட்டால் அந்த ஊர்க் கொத்தனாருக்காவது கூலி கிடைக்குமே?

"போறது தப்புங்களா சாமி?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

அயல்நாட்டு ஏழைக்குத் தன் கையால் வீடு கட்டும் வழக்கம் புதிதன்று. முதல் உலகப் போர் முடிந்து, 1920-இல் பிரான்சு நாட்டின் வெர்தன் போர்க்களத்தருகே எஸ்ன் என்னும் சிற்றூரில், பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒரு சிறு குழுவைக் கூட்டினார். குண்டு வீச்சில் சிதைந்த அவ்வூரை எடுத்துக் கட்ட வந்தவர்களில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராய் இருந்தவர், பகைவரின் ஊருக்குச் சுவர் எழுப்பினர். அதே செரெசோல் 1934-இல் நம் நாட்டுக்கும் வந்தார். அவ்வாண்டு சனவரி 15 அன்று பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்துக்குப்பின், விரல்விட்டு எண்ணத்தக்க சில தோழர்களோடு கிராமங்களை மீண்டும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராய் இருந்தவர். மகனோ பீகாரின் வெயிலில் மண்ணைச் சுமந்தார்.

பின்னர் 1976-இல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினர். இன்று பல நாடுகளுக்கும் தன்னார்வலர் சென்று வீடு கட்டும் வழக்கம் பெரிதும் இவ்வமைப்பால் பரவியதே. 2006-இல் முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் மகாராட்டிரத்தில் லோனாவ்லா அருகே மளவலி கிராமத்துக்கு வந்து, பெருந்திரளான தன்னார்வலரோடு நூறு வீடுகள் கட்டும் பணியில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 82. கையில் சுத்தியலோடு நின்ற அந்த முதியவரைப் போலி என்று சொல்ல எவருக்கும் நாக்கு எழாது. அவர் 2024 டிசம்பரில், நூறு வயதைக் கடந்தபின், இறைவனடி சேர்ந்தார்.

ஆயினும் இத்தகைய பயணங்களைக் கடுமையாக மறுத்த குரல் திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. 1968 ஏப்ரலில் சிகாகோவில், கோடைகாலப் பணிக்காக மெக்சிகோ செல்லவிருந்த கத்தோலிக்க மாணவர் முன்னிலையில் இவான் இல்லிச் பேசினார். அப்போது அவர் குருவாக இருந்தார். மெக்சிகோவைப் பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். மொழி தெரியாத ஊரில் உதவி செய்பவனைப் பார்த்து, "உன் உதவி வேண்டாம், போய் வா" என்று சொல்ல ஏழைக்கு வழியில்லை. ஆகவே ஏழையோடு பணிசெய்ய விரும்புகிறவன், அந்த ஏழை தன்னை மறுத்துப் பேசக்கூடிய இடத்தில் பணிசெய்யட்டும் என்றார். கைதட்டலை எதிர்பார்த்து அமர்ந்திருந்த மாணவர்க்கு அது எப்படி இருந்திருக்கும்!

இல்லிச்சின் சொற்களை நாம் எளிதில் ஒதுக்க இயலாது. சேலத்தின் நாற்சந்திகளில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். கரண்டியும் தூக்குக்குண்டும் பையில் வைத்துக்கொண்டு, இன்று யாராவது கூப்பிடுவார்களா என்று காத்து நிற்கும் கொத்தனார்களும் சித்தாள்களும் உண்டு. கம்போடியாவிலும் அப்படித்தானே இருப்பர்? கூலிக்குக் காத்திருப்பவன் கண்ணெதிரே, கூலி வாங்காமல் அவன் வேலையைச் செய்வது அறமாகுமா?

இதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அது நிற்கும் நிலமும் சேர்ந்ததே. நம் மாவட்டங்களில் கரும்புத் தோகையும் தென்னங்கீற்றும் வேய்ந்த குடிசைகளில் வாழ்வோர் பலருக்கு முதல் தடை செங்கல் அன்று, பட்டா. பட்டா இல்லையேல் அரசுத் திட்டத்திலும் இடமில்லை. வெளியூரிலிருந்து வருகிற அன்பர் சுவரை எழுப்பலாம். பட்டாவை எழுப்ப அவரால் ஆகாது.

இதைக் கற்றுத்தந்த கொடிய நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா இரவு. உலகமெங்கும் மாட்டுக்குடிலில் பாலன் இயேசுவைக் கிடத்திப் பாடிக்கொண்டிருந்த அந்த இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் அவர்கள். அதைக் கேட்டு அப்பகுதிக்குச் சென்ற காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் சுவர் எழுப்புவதில் தொடங்கவில்லை. நிலத்தில் தொடங்கினர். 1981-இல் 'லாஃப்டி' இயக்கத்தை அமைத்து, நிலமுடையோரோடு பேசி விலைக்கு வாங்கிய நிலத்தை நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயருக்கு எழுதிவைத்தனர். உறுதியான வீடுகள் கட்டும் முயற்சி பிறகு வந்தது. காலூன்ற நிலம், அதன்பின் தலைசாய்க்கக் கூரை என்பதே அவர்கள் கண்ட வரிசை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய ஏடு இதையே கற்பிக்கிறது. நீதிப்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை அன்பளிப்பாகக் கொடுப்பதுபோல் காட்டலாகாது; துன்பத்தின் விளைவை மட்டுமன்றிக் காரணத்தையும் களையவேண்டும்; உதவி பெறுவோர் பிறரைச் சாராமல் தாமே நிற்கும்படி அவ்வுதவி அமையவேண்டும் என்கிறது. வீடற்றோருக்கான அனைத்துலக ஆண்டான 1987-இல் திருப்பீடத்தின் நீதி அமைதி ஆணைக்குழு வெளியிட்ட ஏட்டின் தலைப்பே ஒரு கேள்வி: வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய்? காயினிடம் ஆண்டவர் கேட்ட கேள்வியின் எதிரொலி அதில் கேட்கிறது.

அப்படியானால் அந்த இளைஞரிடம், "போகாதே, பணத்தை அனுப்பு" என்று சொல்லிவிடலாமா? அதற்கும் என் மனம் இசையவில்லை.

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியரை எண்ணிப் பாருங்கள். அவர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துத் தம் கையால் காயத்தைக் கட்டினார். தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, அவரிடமே நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் தம் வழியே சென்றார். கையும் தந்தார், பணமும் தந்தார். தமக்குத் தெரிந்ததைத் தாம் செய்தார். பிறருக்குத் தெரிந்ததை அவரிடமே விட்டார். கையா, பணமா என்று நாம் நடத்தும் வழக்கு அவருக்குத் தோன்றவே இல்லை.

மேலும், செலவுக் கணக்கு மட்டுமே அறத்தின் அளவுகோல் என்றால் நம் மறையின் மையமே இடிந்துபோகும். கடவுள் மீட்பைத் தொலைவிலிருந்து அனுப்பியிருக்கலாம். அவர் வந்தார். வார்த்தையானவர் நம்மிடையே குடிகொண்டார் என்று யோவான் எழுதும்போது, அதற்கான கிரேக்கச் சொல் கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிக்கும் என்று குருமடத்தில் படித்திருக்கிறேன். வந்தவர் பத்து நாள் தங்கித் திரும்பவுமில்லை. நாசரேத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வூர்ப் பிள்ளையாக வளர்ந்து, அவ்வூர்த் தொழிலைக் கற்றார். தச்சர் என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கும். உலகுக்குப் போதிக்குமுன் அவர் பிறர் வீட்டுக்குக் கதவும் உத்திரமும் செய்து கூலி பெற்றவர்.

எனவே நேரில் செல்வதற்குப் பொருள் உண்டு. ஆனால் அப்பொருள் எதில் இருக்கிறது? இதற்கு விடையை எனக்குத் தந்தது நூல் அன்று. ஒரு சொம்புத் தண்ணீர்.

நான் குருவான மூன்றாம் ஆண்டு. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிளைப்பங்கு. ஊருக்குள் ஓட்டு வீடுகளில் ஒரு சாரார். ஓடைக்கு அப்பால் காலனியில் மற்றொரு சாரார். இரு சாராரும் கத்தோலிக்கரே. ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெறுகிறவர்கள். அவ்வாண்டு ஜெர்மனியிலிருந்து ஆறு இளைஞர் வந்து, காலனியில் நான்கு வீடுகள் கட்டும் வேலையில் மூன்று வாரம் ஈடுபட்டனர். வேலை என்று பார்த்தால் அவர்களால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஆறு பேரும் ஒரு நாளில் சுமந்த கலவையை நம் சித்தாள் பெண்கள் இருவர் முற்பகலில் சுமந்துவிடுவர். மேஸ்திரி சிரித்துக்கொண்டே இரசமட்டம் வைத்துப் பார்த்து, அவர்கள் வைத்த கல்லை நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நண்பகலில் அக்குழுவைச் சேர்ந்த பெண் ஒருத்தி களைத்துப்போய் ஒரு பாட்டியின் குடிசைத் திண்ணையில் அமர்ந்தாள். பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள். நானும் அங்கே நின்றிருந்தேன். பாட்டி என்னைப் பார்த்துக் கோபமின்றிச் சொன்னார்: "வருசா வருசம் மந்திரிக்க வர்றீங்க சாமி. தீர்த்தம் தெளிக்கறீங்க. எங்க ஊட்டுத் தண்ணியக் குடிச்ச வெளியாளு இந்தப் புள்ளதானுங்க."

அது உண்மை. ஒவ்வோர் ஆண்டும் காலனி வீடுகளை மந்திரிக்கச் செல்வேன். "நேரமாச்சுங்க அம்மா, இன்னும் பத்து வீடு இருக்குது" என்பேன். ஆனால் ஊர்த்தெருவில் காப்பி குடிக்க எனக்கு நேரம் இருந்தது. நான் வேண்டுமென்றே மறுத்ததில்லை என்று அன்று என்னையே தேற்றிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யாமலே இவ்வளவு ஒழுங்காக ஒன்று நடக்குமானால், அது என்னுள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும் என்பது பின்னரே உறைத்தது.

அந்த ஜெர்மானியப் பெண்ணைப் புனிதை என்று சொல்ல நான் வரவில்லை. அவளுக்குத் தாகம், குடித்தாள். தான் ஓர் எல்லையைக் கடந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. கடலைக் கடந்துவர அவளுக்கு ஆயிரக்கணக்கில் செலவானது. ஓடையைக் கடக்க ஒரு காசும் ஆகவில்லை. எங்களுக்கோ ஓடையைக் கடப்பதே பெருஞ்செலவு. அன்பின் விலை தொலைவைப் பொறுத்ததன்று. நாம் கடக்கத் தயங்கும் எல்லையைப் பொறுத்தது என்பதை அன்று கண்டேன்.

சிக்கார் ஊர்க் கிணற்றருகே ஆண்டவர் செய்ததும் நினைவுக்கு வந்தது. யூதர் சமாரியரோடு பழகாத காலம். வாழ்வு தரும் தண்ணீரைக் கொடுக்க வந்தவர், அதைக் கொடுக்குமுன் அப்பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்கிறவராக அல்ல, கேட்கிறவராகத் தொடங்கினார். ஏழைக்குக் கொடுப்பது நமக்கு எளிது. கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கிறது. அவர் கையிலிருந்து வாங்கும்போதுதான் நம் கை கீழே வருகிறது. வீடு கட்டித்தரும் பணியில் நேரில் செல்வதற்குப் பொருள் இருக்குமானால் அது இங்கேதான். செங்கல்லைப் பணத்தால் அனுப்பலாம். அந்தத் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பதை எந்த வங்கி வழியாகவும் அனுப்ப இயலாது.

ஹாபிடாட் இயக்கத்தின் தோற்றமும் இதற்குச் சான்று. அது கம்போடியாவிலோ இந்தியாவிலோ தோன்றியதன்று. அதன் வேர் ஜார்ஜியாவின் 'கொய்னோனியா' பண்ணையில் இருக்கிறது. 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாப்டிஸ்டு மறைப்பணியாளர் நண்பர்களோடு தொடங்கிய பண்ணை அது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து அமர்வதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நாட்டுத் தென்பகுதியில், அங்கே இரு இனத்தாரும் ஒரே மேசையில் உண்டனர். அதற்காக 1950-களில் அப்பண்ணைமீது துப்பாக்கியால் சுட்டார்கள். அதன் விளைபொருளை வாங்காமல் புறக்கணித்தார்கள். அங்கேதான் 1960-களின் இறுதியில், அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு வட்டியும் இலாபமும் இல்லாமல் வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் பிறந்தது. பிறகே ஃபுல்லர் தம்பதியர் அதை 1973-இல் ஆப்பிரிக்காவின் சயீருக்குக் கொண்டுசென்றனர். முதலில் தம் ஊர் மேசை. அடுத்து பக்கத்து வீட்டுச் சுவர். அதன்பின் கடல் கடந்த ஊர். நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம்.

"அப்படியென்றால் அருகிலிருப்பவரை மட்டும்தான் நேசிக்கவேண்டுமா?" என்று வாசகர் கேட்கலாம். அன்பிற்கு ஒரு வரிசை உண்டு, நெருங்கியவருக்கு முதற்கடமை உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் கூறுகிறார். ஆனால் கடும் தேவையில் இருக்கும் அந்நியருக்கு, அத்தகைய தேவையில்லாத தந்தையைவிட முன்னுரிமை தரவேண்டிய சூழலும் உண்டு என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். ஆகவே தொலைவிலிருப்பவரை நேசிப்பது பிழையன்று. அருகிலிருப்பவரை நேசிக்காமலிருக்கத் தொலைவிலிருப்பவரைச் சாக்காகக் கொள்வதே பிழை.

எருசலேமின் மதில் இடிந்து கிடந்தபோது அதைக் கட்டியவர்களின் பட்டியலை நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் தருகிறது. திருப்பலி வாசகங்களில் நாம் அரிதாகவே கேட்கும் பகுதி அது. குருக்கள் கட்டினர், பொற்கொல்லர் கட்டினர், நறுமணத் தைலம் செய்வோர் கட்டினர், ஒருவர் தம் புதல்வியரோடு சேர்ந்து கட்டினார். தெக்கோவா ஊரார் கட்டினர். அவ்வூர்ப் பெருமக்கள் மட்டும் தோள் கொடுக்க இசையவில்லை என்றும் அந்நூல் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது. அப்பட்டியலில் ஒரு குறிப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். தம் வீட்டு வாசலில் நின்றால் எந்த இடிபாடு கண்ணில் படுமோ, அதைக் கட்டினார்கள்.

இத்தனையும் எண்ணியபின் அந்த இளைஞரை அழைத்தேன். "போய் வாருங்கள்" என்றேன். அங்கே உள்ளூர்க் கொத்தனார் கூலி பெற்று வேலை செய்கிறாரா என்று பாருங்கள். அவரே உங்களுக்கு மேஸ்திரியாக இருக்கட்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அக்குடும்பமும் உங்களோடு சேர்ந்து உழைக்கட்டும். அவர்கள் எதைத் தருகிறார்களோ அதை வாங்கி உண்ணுங்கள். கடைசியாக ஒன்று சொன்னேன்: "அங்க யாருக்கும் உங்க சாதி தெரியாது. அதனால அங்க தண்ணி குடிக்கறது சுலபமுங்க. உங்க அம்மா வீட்டுக்குப் பின்னால இருக்கற காலனிக்குக் கடைசியா எப்பப் போனீங்க?" மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

அவர் கம்போடியா போய் வந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கும் வந்தார். அவர் வீட்டுக்குப் பின்னே காலனியில் ஒரு கைம்பெண்ணின் வீடு, பணம் போதாமல் லிண்டல் மட்டத்தோடு நின்றிருந்தது. மேற்கொண்டு வேண்டிய சிமெண்டும் கம்பியும் அவர் வாங்கித் தந்தார். காலனியைச் சேர்ந்த மேஸ்திரி ஒருவரின்கீழ், ஊர்த்தெரு இளைஞர் நால்வரை அழைத்துக்கொண்டு ஆறு நாள் கல் சுமந்தார். நண்பகலில் அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஐவரில் மூவர் குடித்தனர். இருவர் வயிறு சரியில்லை என்றனர்.

அவருடைய தாயார் அங்கே வரவில்லை. மகனைத் தடுக்கவும் இல்லை. மாலையில் வீடு திரும்பியபோது வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சிட்டு உள்ள வா கண்ணு" என்றாராம். சிமெண்டுத் தூசிக்காகச் சொன்னாரா, வேறு எதற்காகவாவது சொன்னாரா என்று தமக்கு விளங்கவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். எனக்கும் விளங்கவில்லை. அந்தத் தாய்க்கே விளங்கியிருக்குமா என்பதும் ஐயமே.

இவ்வாண்டு வீடு மந்திரிப்பைக் காலனியிலிருந்து தொடங்கினேன். தருவதை வாங்கிக் குடிக்கிறேன். அதனால் ஒரு நாளைக்கு ஆகும் வீடுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது. ஊர்த்தெருவில் சிலர், "சாமி எங்க பக்கம் இன்னும் வரலையே" என்று உபதேசியாரிடம் கேட்கிறார்களாம். வருவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.